தியான் சந்தா, சொஹைல் அப்பாஸா, தன்ராஜ் பிள்ளையா: ஹொக்கியில் தலைசிறந்தவர் யார்?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் கூட்டாளிகளுக்குள் ஒரு மாதமாக ஒரே வாக்குவாதம். எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஹொக்கி வீரர் யார்? ஒருவன் அந்தக் கால இந்திய வீரர் தியான் சந்த் என்கிறான். இன்னொருவன், தியான் சந்த் இன்றைய செயற்கைத் தரையில் இறங்கினால் பந்தைத் தொடவே மாட்டார், 348 கோல் அடித்த பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ்தான் என்கிறான். நான் இந்தியாவின் தன்ராஜ் பிள்ளை பக்கம். நீங்கள் விளையாடியவர், ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்."

சொல்கிறேன் தம்பி, நழுவமாட்டேன். ஆனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் மூன்று பேரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். முதலாமவர் பதக்கத்தைப் பார்க்கிறார். இரண்டாமவர் கோல் கணக்கைப் பார்க்கிறார். நீங்கள் தன்ராஜ் என்று சொல்வது மனசு சொல்லி. அதனால்தான் ஒரு மாதமாகியும் முடியவில்லை.

இதே வாக்குவாதம் மட்டக்களப்பில் எங்கள் ஆட்களுக்குள் நாற்பது வருடமாக நடக்கிறது. வெபர் மைதானத்தில் பின்னேரம் ஏதாவது ஆட்டம் முடிந்ததும் தேத்தண்ணிக் கடை வாங்கில் நாலு பேர் சேர்ந்தால் போதும். கூடைப்பந்தும் காற்பந்தும் வளர்ந்த அளவுக்கு இந்த ஊரில் ஹொக்கி வளரவில்லை. மாத்தளைப் பக்கம் போனால் சின்னப் பிள்ளையும் மட்டை பிடிக்கும். இங்கே மட்டை பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் பிடித்தவர்கள் விடவில்லை. அந்த நாற்பது வருடப் பேச்சில் இருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றுதான். ஒரு வீரரை அவருக்கு ஐம்பது வருடம் பின்னால் வந்தவரோடு நிறுத்தாதீர்கள். அதே தரையில், அதே மட்டையோடு, அதே சட்டத்தின் கீழ் அவரோடு விளையாடிய மற்றவர்களோடு நிறுத்துங்கள். அவர்களில் இருந்து அவர் எவ்வளவு தூரம் தள்ளி நின்றார்? அந்தத் தூரத்தைத்தான் தலைமுறை தாண்டி ஒப்பிடலாம். கோலை ஒப்பிட முடியாது.

ஏன் முடியாது என்பதற்குத் தரையில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் பள்ளிக்கூட அணியில் றைட் ஹாஃப், அதாவது நடுவரிசையில் வலப்பக்கம். எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் மைதானம் கடல் மணலும் அறுகம்புல்லும் கலந்தது, இடையிடையே நெருஞ்சி. மாரி முடிந்து தை மாதம் இறங்கினால் ஒரு மூலையில் இன்னும் தண்ணீர் நிற்கும், மறு மூலை இறுகிக் காய்ந்திருக்கும். பந்து தோலால் தைத்தது, மேலே வெள்ளைப் பூச்சு. பத்து நிமிடத்தில் பூச்சுப் போய் மண் நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் பந்து உங்களை நோக்கி உருண்டு வரும்போது அது எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு புல் முடிச்சில் பட்டால் முழங்காலுக்கு எழும்பும். மணலில் விழுந்தால் செத்துப்போகும். ஆகவே குனிந்து, கண்ணைப் பந்திலேயே வைத்து, மட்டையைச் சரித்து முதலில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் தலையை உயர்த்தி யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கலாம். அந்த ஒரு நொடிக்குள் எதிரணிக்காரன் வந்துவிடுவான். புல் தரை ஹொக்கியில் திறமை என்பது அந்த ஒரு நொடியை எப்படிக் குறைப்பது என்பதுதான்.

செயற்கைத் தரையில் அந்த நொடி இல்லை. தண்ணீர் தெளித்த தரையில் பந்து நூல் பிடித்த மாதிரி நேராக வரும். பார்க்காமலே வாங்கலாம், வாங்கும் முன்பே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். ஆட்டம் மூளைக்கும் கால் வேகத்துக்கும் போய்விடுகிறது. ஒலிம்பிக் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது 1976 இல், மொன்றியலில். அதற்கு முந்திய வருடம்தான் இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. மொன்றியலில் அதே இந்தியா ஏழாம் இடம். தங்கம் நியூசிலாந்துக்கு. ஒரே வருடத்தில் ஆட்கள் மறந்துபோகவில்லை. காலுக்குக் கீழே இருந்த தரை மாறிவிட்டது.

தரை மட்டுமா? எதிரணிக் கோலுக்குக் கிட்ட முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுத்த ஓஃப்சைட் சட்டம் 1990களில் போனது. அதற்குப் பிறகு முன்வரிசை ஆட்டக்காரர் கோல் காப்பாளரின் மூக்குக்கு முன்னாலேயே போய் நிற்கலாம். தியான் சந்த் காலத்தில் மாற்று வீரரே கிடையாது, பதினொரு பேரும் 70 நிமிடமும் ஓடித் தீர்க்க வேண்டும். இப்போது நினைத்த நேரம் உள்ளே வெளியே போய் வரலாம், ஆட்டமும் 15 நிமிடம் படி நாலு கால் பகுதி. மல்பெரி மரத்தில் செய்து எண்ணெய் பூசிக் காத்த மட்டை போய், கார்பன் நார் சேர்த்த மட்டை வந்துவிட்டது. பந்து அதில் பட்டால் பறக்கும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், உங்கள் கூட்டாளி சொன்னது பாதி சரி. 1936 இல் விளையாடிய தியான் சந்தை அப்படியே தூக்கி இன்றைய தரையில் விட்டால் முதல் வாரம் தடுமாறுவார். அதே நியாயத்தில், இன்றைய ஐரோப்பிய வீரர் ஒருவரை எங்கள் நெருஞ்சி மைதானத்தில் மர மட்டையோடு மாற்று ஆளில்லாமல் 70 நிமிடம் ஓடவிட்டால் அவரும் தடுமாறுவார். இந்தக் கேள்வியால் யாருடைய பெருமையும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

சரி, சொஹைல் அப்பாஸிடம் வருவோம். 348 சர்வதேச கோல் என்பது உலக சாதனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். அவர் முன்வரிசை வீரர் இல்லை, பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். எதிரணி தன் அரைவட்டத்துக்குள் தவறு செய்து பெனால்டி கோனர் கிடைத்ததும் முன்னுக்கு வருவார். கோல் கோட்டில் இருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார், அரைவட்டத்துக்கு வெளியே இன்னொருவர் நிறுத்துவார். சொஹைல் குறுக்குக் காலடி வைத்து உள்ளே வந்து, உடம்பை வில்லாக வளைத்து, பந்தை மட்டையின் வளைவில் ஏற்றி இழுத்துக்கொண்டே வருவார். அந்த இழுப்பில் பந்து மட்டையோடு ஒட்டியே இருக்கும். கடைசியில் மணிக்கட்டு ஒரு சுழற்று. மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் கோலின் மேல் மூலைக்குப் பந்து போய்விடும். கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம், மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது, அதைத் தெரியாமல் சொஹைலைப் பற்றிப் பேசக்கூடாது. பெனால்டி கோனரில் முதல் அடியை ஓங்கி அடித்தால் பந்து 460 மில்லிமீற்றருக்கு மேல் எழும்பக்கூடாது, அதாவது கோலின் அடிப்பலகை உயரம். இழுத்துத் தள்ளினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டிராக் பிளிக் என்ற வித்தை பிறந்ததே இந்த இடைவெளியில்தான். அதைத் தன் காலத்தில் யாரையும்விடத் துல்லியமாகச் செய்தவர் சொஹைல். நான் பார்த்தவரை, அந்த ஒரு வித்தையில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் ஹொக்கி அந்த ஒரு வித்தை மட்டும் இல்லையே. எண்ணிக்கைதான் பேச வேண்டும் என்றால், சொஹைலுக்கு முன் சாதனையை வைத்திருந்த நெதர்லாந்தின் பால் லிட்ஜன்ஸ் 177 ஆட்டங்களில் 260க்கு மேல் கோல் அடித்தவர், ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரைக் கோல் அளவில் வருகிறது. டிராக் பிளிக் வருவதற்கு முந்திய காலத்தில் அது. அப்படியானால் அவர்தான் பெரியவரா? உங்கள் கூட்டாளி அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லையே. எண்ணிக்கையை நம்புகிறவர் எண்ணிக்கையிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

இனித் தியான் சந்த். இவரைப் பற்றிப் பேச முதலில் குப்பையைக் கூட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள், வியன்னாவில் நாலு கையோடு சிலை வைத்தார்கள் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளை விட்டுவிடுங்கள். அந்தச் சிலையைக் கண்டவர் யாரும் இல்லை. அந்த மனிதருக்குப் பொய் தேவையில்லை, உண்மையே போதும்.

உண்மை இது. 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டத்தில் 29 கோல் போட்டது, ஒன்றும் வாங்கவில்லை. அதில் 14 தியான் சந்துடையது. 1932 லொஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றது. அதில் தம்பி ரூப் சிங் 10, அண்ணன் தியான் சந்த் 8. 1936 பேர்லினில் இறுதியாட்டத்தில் ஜேர்மனியை 8-1 என்று வென்றது.

இவற்றை எதிர்க்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 1932 இல் வந்ததே மூன்று அணிதான். 24 கோல் வாங்கிய அமெரிக்கா வெண்கலப் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனது. ஹொக்கியை உலகத்துக்குக் கொடுத்த பிரித்தானியா 1928 முதல் 1936 வரை அணி அனுப்பவே இல்லை. ஆகவே 24-1 என்ற கணக்கை வைத்து யாரும் தியான் சந்தைப் பெரியவர் ஆக்க வேண்டாம். நானும் ஆக்கவில்லை.

நான் பார்ப்பது பேர்லின் இறுதியாட்டத்தை. ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் அதே ஜேர்மனி இந்தியாவை 4-1 என்று வென்றிருந்தது. அது சாதாரண அணி இல்லை. முதல் நாள் மழையால் இறுதியாட்டம் ஆகஸ்ட் 15க்குத் தள்ளிப்போனது. தரை ஈரம். இடைவேளை வரை 1-0 தான். புல் தரையில் விளையாடியவனுக்கு அது என்ன என்று தெரியும்: பந்து ஓடாது, கால் பிடிக்காது, பலம் உள்ளவன் ஆட்டத்தை இறுக்கிப் பிடித்துவிடுவான். இடைவேளைக்குப் பிறகு தியான் சந்த் முள்ளுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடினார். ஏழு கோல் வந்தது. அந்தச் சுற்றுப்போட்டி முழுவதிலும் இந்தியா வாங்கிய ஒரே கோல் அந்த இறுதியாட்டத்தில் வாங்கியதுதான். அவரைத் தடுப்பதற்கென்றே ஆயத்தப்பட்டு, ஏற்கெனவே வென்றும் காட்டிய ஓர் அணிக்கு முன்னால் இப்படி ஆடுவது என்பது பலவீனமான எதிரி கொடுத்த பெயர் இல்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1932 இல் லொஸ் ஏஞ்சலிஸ் போகும் வழியில் அந்த இந்திய அணி இலங்கையில் இறங்கி இரண்டு ஆட்டம் ஆடியது. இரண்டிலும் சேர்த்து நம்மவர்கள் வாங்கியது முப்பது கோலளவு, போட்டது ஒன்றுமில்லை. பிறகு 1935 இல் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது மறுபடி இலங்கை வந்தார்கள். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது, 43 ஆட்டங்களில் இறங்கிய தியான் சந்த் மட்டும் 201. கணக்கைப் பாருங்கள்: அணியின் கோல்களில் மூன்றில் ஒரு பங்கு அவர் அடித்திருக்கிறார், மூன்றில் இரண்டு பங்கு மற்றவர்களுக்குப் போயிருக்கிறது. தனக்கு மட்டும் அடித்துக்கொண்ட ஆள் இல்லை அவர். நடுவில் நின்று பந்தை வாங்கி, நான் மேலே சொன்ன அந்த ஒரு நொடியை வீணாக்காமல் பக்கத்தில் உள்ளவருக்கு விட்டுவிடுவார். புல் தரையில் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்ததால்தான் சொல்கிறேன்.

அவருக்குப் பின்னால் வந்த பல்பீர் சிங்கை எங்கள் வாங்கில் எப்போதும் மறந்துவிடுவார்கள், எனக்கு அது வருத்தம். 1948, 1952, 1956 என மூன்று தங்கம். 1952 இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியாவின் ஆறு கோலில் ஐந்து அவருடையது. ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஆண்களில் அதைவிட யாரும் போட்டதில்லை. 1948 இல்தான் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக்கில் பிரித்தானியாவைச் சந்தித்தது, வெம்பிளியில், சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம். 4-0. அதில் இரண்டு பல்பீர். தியான் சந்தைச் சந்திக்க வராத அணியைப் பல்பீர் அவர்கள் வீட்டிலேயே போய்ச் சந்தித்தார்.

கோல் போடாதவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் போக முடியாது. றைட் ஹாஃப் ஆக நின்றவன் என்பதால் எனக்கு இந்தியாவின் லெஸ்லி குளோடியஸ் தெய்வம் மாதிரி. அதே இடம். மூன்று தங்கம், ஒரு வெள்ளி. 1960 இல் உரோமில் பாகிஸ்தானிடம் 1-0 என்று தோற்ற இறுதியாட்டத்தில் அணித்தலைவர் அவர்தான். அடுத்து 1964 டோக்கியோ இறுதியாட்டத்தில் அதே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலில் நின்ற சங்கர் லக்ஷ்மன். முகத்துக்குக் கவசம் இல்லாத காலம். இந்தியா 1-0 என்று வென்றது, அந்தப் பூச்சியத்தைக் காத்தவர் அவர். இவர்களை எந்த வாக்குவாதத்திலும் யாரும் இழுப்பதில்லை, ஏனென்றால் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கோல் எண்ணிக்கை இல்லை. டோக்கியோவிலேயே 2021 இல் ஜேர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னுக்கு நிற்கும்போது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கோனரை இந்தியக் கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் தடுத்தாரே, அந்த வெண்கலத்துக்கு இந்தியா 41 வருடம் காத்திருந்தது. அந்த ஒரு தடுப்பை எத்தனை கோலுக்குச் சமம் என்று வைப்பீர்கள்?

இப்போது உங்கள் தன்ராஜ். உங்கள் மனசு எனக்கு விளங்குகிறது தம்பி. பூனாவுக்குப் பக்கத்தில் கட்கியில் பிறந்தாலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அந்த நீள முடி பறக்க அவர் பந்தைக் கொண்டு ஓடும்போது நான் கதிரையில் இருந்ததில்லை. எழும்பி நின்றுதான் பார்த்தேன். 339 சர்வதேச ஆட்டம், நாலு ஒலிம்பிக்கிலும் நாலு உலகக் கிண்ணத்திலும் இறங்கியவர். 1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் எடுத்தது, 32 வருடத்துக்குப் பிறகு.

ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக். போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னுக்கு நிற்கிறார்கள். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போது போலந்து ஒரு கோலைப் போட்டுவிட்டது. அவ்வளவுதான், அரையிறுதி போய்விட்டது. அந்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்ராஜ் ஒலிம்பிக் பதக்கம் இல்லாமலே ஓய்வு பெற்றார். அவர் காலத்து இந்திய அணி பலமற்றது, செயற்கைத் தரை நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது, அது அவருடைய குற்றம் இல்லை. பதக்கம் இல்லை என்று நான் அவரைக் குறைக்கமாட்டேன். ஆனால் என் அளவுகோலால் பார்த்தால், அவர் காலத்திலேயே அவர் நின்ற இடத்தில் அவரைவிடத் தூரம் போனவர் ஒருவர் இருந்தார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காத்தான்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளிக்காலத்தில் எதிரணியில் லெஃப்ட் இன், முன்வரிசையில் இடப்பக்கம்; என் காலில் மட்டையால் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அவருக்கு ஹொக்கி என்றால் பாகிஸ்தானின் ஷாபாஸ் அஹமட். "மச்சான், ஷாபாஸ் பந்தைக் கொண்டு போகக்குள்ள பின்னுக்கு நிக்கிறவன் எல்லாம் சாமானைப் போட்டிட்டு நிக்கிற மாதிரி நிப்பானுகள், கண்டியா?" என்பார். நான் தன்ராஜுக்காக அவரோடு வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவன். பிறகு ஒரு நாள் அவர் வீட்டில் 1994 சிட்னி உலகக் கிண்ண ஆட்டப் பதிவுகளை இருந்து பார்த்தோம். இரண்டு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. ஷாபாஸ் ஓடும்போது பந்து மட்டைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்திலேயே இருக்கிறது. வேகம் கூடினாலும் அந்தச் சாண் கூடுவதில்லை. எதிரில் வருபவர் எந்தக் காலில் பாரம் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, பாரம் மாறும் நேரத்தில் மற்றப் பக்கத்தால் போய்விடுகிறார். தன்ராஜ் மின்னல் மாதிரி தாண்டுவார், ஆனால் சில வேளை பந்து அவரை விட்டுத் தாண்டிவிடும். ஷாபாஸிடம் அது நடந்ததை நான் காணவில்லை.

1990 உலகக் கிண்ணத்திலும் 1994 உலகக் கிண்ணத்திலும் சிறந்த வீரர் அவர்தான். 1990 இல் லாகூரில் இறுதியாட்டத்தில் நெதர்லாந்திடம் தோற்றும் அவருக்குத்தான் கொடுத்தார்கள். 1994 இல் அதே நெதர்லாந்தை, கோல் காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்று அணித்தலைவராகக் கிண்ணத்தைத் தூக்கினார். அத்தனையும் செயற்கைத் தரையில், ஐரோப்பியர்கள் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்ட தரையில். தரை மாறியதும் தெற்காசிய ஹொக்கி முடிந்தது என்று எழுதியவர்களுக்கு நடுவில் நின்று பந்தை மட்டையோடு கொண்டோடும் அதே பழைய டிரிப்ளிங்கை அங்கே செய்து காட்டினார்.

அவுஸ்திரேலியாவின் ஜேமி டுவையர் ஐந்து தரம் உலகின் சிறந்த வீரர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தை மேலதிக நேரத்தில் முடித்துவைத்த தங்கக் கோல் அவருடையது. நெதர்லாந்தின் டூன் டி நோயர் 453 ஆட்டம், இரண்டு ஒலிம்பிக் தங்கம். இருவரும் மிகப் பெரியவர்கள். ஆனால் இருவரும் பலமான அணிக்குள் முதல் ஆள். பக்கத்தில் நின்றவர்களும் கிட்டத்தட்ட அதே உயரம். அவுஸ்திரேலியாவின் ரிக் சார்ள்ஸ்வேர்த்தை வீரர், பயிற்றுநர் இரண்டையும் சேர்த்துப் பேசினால் அவர்தான் முதல் என்று வாதாடலாம், நீங்கள் கேட்டது வீரர் என்பதால் விடுகிறேன்.

உங்கள் வாக்குவாதத்தில் மூன்று பேரும் தவறவிட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். என் மருமகள் ஒருத்தி பள்ளியில் மட்டை பிடித்தபோது என்னிடம் கேட்டாள்: "மாமா, நீங்க சொல்ற ஆக்கள் எல்லாரும் ஆம்பிளையளா இருக்கே?" நியாயமான கேள்வி. அன்றிலிருந்து நான் ஆர்ஜென்ரீனாவின் லூசியானா அய்மரைத் தேடித் தேடிப் பார்த்தேன். எட்டுத் தரம் உலகின் சிறந்த வீராங்கனை, 2001 முதல் 2013 வரை. ஆணோ பெண்ணோ, எட்டுத் தரம் வேறு யாரும் இல்லை. நாலு ஒலிம்பிக், நாலிலும் பதக்கம். 2002 இலும் 2010 இலும் உலகக் கிண்ணம், 2010 இல் வென்றது அவர் பிறந்த ரொசாரியோ நகரத்திலேயே.

ஆட்டத்தைப் பாருங்கள். அய்மர் பந்தை வாங்கியதும் நிற்கமாட்டார். மட்டையைத் தரையோடு படுக்க வைத்து, முதுகு கிட்டத்தட்ட தரைக்குச் சமாந்தரமாக வளைந்து, பந்தை இடம் வலம் இழுத்துக்கொண்டே முழு வேகத்தில் ஓடுவார். எதிரணிக்காரி மட்டையைத் தரையில் வைத்துத் தடுத்தால், பந்தை அந்த மட்டைக்கு மேலாக ஒரு சாண் தூக்கித் தாண்டி மறு பக்கத்தில் எடுத்துக்கொள்வார். மூன்று பேரை அப்படித் தாண்டியும் மூச்சு வாங்காமல் கடைசியில் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுப்பார். அவரைத் தடுக்கவென்று இரண்டு பேரை ஒதுக்காத அணியை நான் கண்டதில்லை. ஒதுக்கியும் பலன் இருக்கவில்லை.

இப்போது அளவுகோலை வையுங்கள். தன் காலத்தில் மற்றவர்களில் இருந்து எவ்வளவு தூரம்? எனக்கு முதலாவது தியான் சந்த். ஈரத் தரையில், ஏற்கெனவே தன்னை வென்ற அணிக்கு முன்னால் அப்படி ஆடியதற்காகவும், அந்தப் புல்லில் பந்தைக் கேட்டதைச் செய்ய வைத்ததற்காகவும். இரண்டாவது அய்மர், பன்னிரண்டு வருடம் அந்தத் தூரத்தைக் குறையவிடாததற்காக. மூன்றாவது ஷாபாஸ். உங்கள் கூட்டாளியின் சொஹைலுக்கு ஒரு வித்தையின் அரசன் என்ற இடம், அதை அவரிடமிருந்து யாரும் எடுக்க முடியாது. தன்ராஜுக்கு என் மனசில் உள்ள இடம் இந்த வரிசையில் வராது, அது வேறு.

தியான் சந்தை முதலில் வைப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அளவுகோலுக்குள் வராது, ஆனால் சொல்லாமல் விட்டால் நான் முழுவதும் சொன்னதாக ஆகாது. 1975 மார்ச் 15, கோலாலம்பூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். எங்கள் வீட்டு மண்டபத்தில் அப்பா வானொலியின் காதைத் திருகித் திருகி வைத்திருந்தார். வர்ணனை ஹிந்தி பாதி, ஆங்கிலம் பாதி, இரைச்சல் மீதி. 1-1. பிறகு ஒரே சத்தம். அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது, கோலா இல்லையா என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடுகிறார்கள், மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் என்று கொடுத்துவிட்டார். 2-1. அப்பா எழும்பி என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "ஆரு அடிச்சது தெரியுமா மனே? தியான் சந்திட மகன்!" என்றார். அப்பா தியான் சந்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. 1932 இல் இலங்கையில் நடந்த அந்த ஆட்டங்களைப் பற்றி அவருடைய அப்பா சொல்லக் கேட்டவர், அவ்வளவுதான். வானொலி 1978 சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. காத்தான்குடி நண்பருக்கு அந்தக் கோல் உள்ளே போகவில்லை என்பதில் இன்றைக்கும் உறுதி. அடுத்த முறை வெபர் பக்கம் வந்தால் அவரையும் கூப்பிடுகிறேன், நேரில் கேளுங்கள்.